பிழையும் தன்னிலையும்: பீட்டர் ஹெஸ்லரின் ‘ரிவர் டவுன்’ நூலில் சீனமொழிக் கல்வி

முன்னுரை

அயல்மொழிக் கல்வி என்பது சொற்களையும் இலக்கணத்தையும் ஈட்டும் முயற்சியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. கற்பவர் அதில் எதனை இழக்கிறார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் ஹெஸ்லரின் ‘ரிவர் டவுன்’ (2001) இவ்வினாவுக்கு இடந்தரும் நூலாகும். பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் வழியாக 1996இல் சீனா சென்ற அவர், யாங்சி ஆற்றோடு வூ ஆறு கலக்கும் ஃபூலிங் நகரில் ஈராண்டுகள் தங்கினார். அங்குள்ள ஆசிரியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டே சீனம் பயின்றார். அப்பயிற்சியை அந்நூல் எடுத்துரைக்கும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பிழைசுட்டலும் மதிப்பும்

சீனப் பொதுமொழியில் நான்கு தொனிகள் உள்ளன. ‘மை’ என்னும் ஓரசை மூன்றாம் தொனியில் வாங்குதலையும் நான்காம் தொனியில் விற்றலையும் குறிக்கும். தொனி பிறழ்ந்தால் பொருளும் பிறழும். ஹெஸ்லரின் பிறழ்ச்சிகளை ஆசிரியை லியாவ் ‘பூ துய்’ (சரியன்று) என்று உடனுக்குடன் தடுக்கிறார். பாராட்டுக்குப் பழகிய அமெரிக்க மாணவருக்கு அச்சொல் முதலில் வெறுப்பூட்டுகிறது. சீனக் குழந்தைகளிடம் எதிர்பார்க்கப்படும் திருத்தமே தம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அவர் பின்னரே உணர்கிறார். கல்விப் பண்பாட்டை ஒற்றைச் சொல்லின் வழியே புலப்படுத்துவது நூலின் வலிமையாகும். அபினிப் போர், ஹாங்காங் குறித்த பேச்சில் இருவருக்கும் இடையே எழும் இறுக்கமும், மொழிப்பாடம் வரலாற்றிலிருந்து விலகி நிற்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

இரு பெயர், இரு மேசை

சீனத்தில் ஹெஸ்லரின் பெயர் ஹோ வெய். ஹோ வெய் எவருடனும் எளிதில் பழகுபவர். வட்டார வழக்கில் சில சொற்கள் பேசியே பிறரைச் சிரிக்கவைப்பவர். அதே வேளையில் அறிவு குறைந்தவராகத் தோன்றுபவர். அவருக்கு ஒரு மேசை, ஆங்கிலத்தில் எழுதும் ஹெஸ்லருக்கு மற்றொரு மேசை என நூல் இருவரையும் பிரித்துக் காட்டுகிறது. நகரமக்கள் உரையாடியது ஹோ வெய்யுடன். அவ்வுரையாடலை நூலாக்கியவர் ஹெஸ்லர். இலக்கியப் புலமையும் சொல்வன்மையும் மிக்க ஒருவர், பேதையாகக் காணப்படுவதற்கு இசைந்ததாலேயே அந்நகரம் அவரிடம் பேசியது எனலாம்.

எடுத்துரைப்பின் இடர்

எனினும் இப்பிரிவினையில் ஓர் இடர் உள்ளது. ஹோ வெய்யின் திக்கலும் பிழையும் பெரும்பாலும் சீரான ஆங்கில உரையாடல்களாகவே வாசகரை வந்தடைகின்றன. பேசியபோது தாழ்நிலையில் இருந்தவர், எழுதும்போது பிறரை மதிப்பிடும் உயர்நிலையை அடைகிறார். லியாவின் குரலும் அவர் எழுத்தின் வழியே மட்டும் கேட்கிறது. பிழைகளும் பக்கங்களில் நிலைபெற்றிருந்தால் இவ்வேற்றத்தாழ்வு வாசகருக்கு வெளிப்படையாகியிருக்கும். இறுதிப் பகுதியில், கடைவீதியைப் படம்பிடிக்கும்போது திரண்ட கூட்டம் சினங்கொள்கிறது. ஈராண்டுகள் பயின்ற மொழி அச்சினத்தைத் தணிக்கப் போதவில்லை. தம் மொழியறிவின் எல்லையை ஆசிரியர் மறைக்காமல் பதிவுசெய்யும் இப்பகுதி, மேற்கூறிய குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

முடிவுரை

ஒரு பண்பாட்டை அதன் மொழியில் கற்றவரின் நூல் என்பதாலேயே அது அப்பண்பாட்டின் குரலாகிவிடாது. கற்றவர் எம்மொழியில், யாருக்காக எழுதினார் என்பதும் ஆராயப்பட வேண்டும். சீனாவை ஆங்கில நூல்கள் வழியே அறியும் தமிழ் ஆய்வாளருக்கு இவ்வினா இன்றியமையாதது. ‘ரிவர் டவுன்’ அதற்கு முழு விடை தரவில்லை. ஆயினும் வினாவை எழுப்புவதற்கான சான்றுகளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.