கிறிஸ்துமஸ் பாட்டிலுக்கு என்ன வயசு?

பழைய கோக்க கோலா பாட்டில் சேர்க்கிறவங்க வட்டாரத்தில் ‘கிறிஸ்துமஸ் கோக்’ என்று ஒரு ரகம் உண்டு. கண்ணாடியிலேயே 1923 டிசம்பர் 25 என்ற தேதி புடைத்து நிற்கும். அதைக் காட்டி ‘1923ஆம் வருஷத்துப் பாட்டில்’ என்று விற்கிறார்கள்.

அது பாட்டில் செய்த தேதியே இல்லை. இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்த தேதி. அமெரிக்காவில் காப்புரிமை வெளியாவது செவ்வாய்க்கிழமைகளில். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் செவ்வாயில் விழுந்தது, அவ்வளவுதான். 1930களிலும் இதே தேதியோடு பாட்டில்கள் வந்துகொண்டிருந்தன.

தேதியை விடுங்க, அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கு. கீறல் விழாத பாட்டிலுக்குத்தான் மவுசு. அதற்காகவே செம்புத் துணுக்கும் மெருகுப் பொடியும் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குகிறார்கள். ஆனா இது கடைக்குத் திரும்பி, கழுவி, மறுபடி நிரப்பப்பட்ட பாட்டில். 24 அறை மரப்பெட்டியிலும் நிரப்பும் எந்திரத்திலும் உரசி உரசித்தான் உடம்பில் அந்த வெள்ளை வளையம் விழுந்தது. எத்தனை கை மாறியது என்பதற்கு மிச்சமிருக்கிற சாட்சியே அதுதான். அதை அழித்துவிட்டுப் ‘பழமை’ என்று விலை சொல்வது என்ன நியாயம்?

வாங்குவதானால் முதலில் கவிழ்த்துப் பாருங்க. அடியில் ஊர்ப்பெயர் இருக்கும். மேலே இருக்கிற தேதியைவிட அந்த ஊரும் கீறலும்தான் அதிகம் பேசும்.