பென்டிரைவோடு முடிந்துபோகும் யூனிக்ஸ்

யூனிக்ஸ் படிக்க எந்த லைவ் சிஸ்டம் நல்லது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உபுண்டு என்கிறார் ஒருவர், நாப்பிக்ஸ் என்கிறார் இன்னொருவர், பழைய கணினி என்றால் பப்பி. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் சீனியர்கள் சொல்வது இதுதான்: இன்ஸ்டால் பண்ணாதே, பென்டிரைவைச் செருகு. படிப்பதற்கு லைவ் சிஸ்டம் ஏற்றதுதானா என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

அதன் பயன்களை நான் மறுக்கவில்லை. கிளாஸ் குனோப்பர் 2000இல் நாப்பிக்ஸை வெளியிட்டதிலிருந்து, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸைப் பார்த்துவிடுவது எளிதாகிவிட்டது. வைஃபை வேலை செய்கிறதா என்று சோதிக்கவும், பூட் ஆகாத கணினியிலிருந்து ஃபைல்களை மீட்கவும் அது அருமையான கருவி.

ஆனால் லைவ் சிஸ்டம் எதையும் நினைவில் வைப்பதில்லை. அதன் மூலப்பிரதி படிக்க மட்டுமே முடிகிற ஒரு சுருக்கப்பட்ட ஃபைல்; நாம் செய்யும் மாற்றமெல்லாம் ரேமில். சேர்த்த யூசர், எழுதிய கிரான்டேப், பாஷ் ஹிஸ்டரி எல்லாம் கணினியை அணைத்ததும் போய்விடும். நள்ளிரவில் ஓட வேண்டிய வேலை ஏன் ஓடவில்லை என்று காலையில் லாக் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு. அந்தக் காலை லைவில் விடிவதே இல்லை.

இதைவிடப் பெரிய கேடு, உபுண்டு லைவில் சூடோ பாஸ்வேர்டே கேட்காது. யூனிக்ஸ் வளர்ந்தது பெல் லேப்ஸில், ஒரே பிடிபி-11ஐப் பலர் பகிர்ந்துகொண்ட சூழலில். ஓனர், குரூப், பெர்மிஷன் எல்லாம் அந்த நெருக்கடிக்குக் கிடைத்த விடைகள். தனி ஆளாய், கேட்டதும் ரூட் அதிகாரம் கிடைக்கிற இடத்தில் சிஎச்மாட் வெறும் மனப்பாடக் கமாண்டாகிவிடுகிறது. ஃபோர்க், எக்ஸெக், கிரெப் எல்லாம் லைவிலும் ஓடும்; ரெக்கார்டு நோட்டு நிறையும்; மார்க்கும் வரும். அதனால்தான் இந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

மாற்றங்களைப் பென்டிரைவிலேயே சேமித்துவைக்கும் பெர்சிஸ்டன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மலிவான பென்டிரைவில் அது நகர்கிற வேகத்தை அனுபவித்தவர் யாரும் அதைச் சிபாரிசு செய்யமாட்டார். பார்ட்டிஷன் பிரித்து அதை அமைக்கத் தெரிந்த மாணவனுக்கு இன்ஸ்டால் செய்யவும் தெரியும்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டிஸ்க்கிலேயே நிறுவப்பட்டு வந்தது. அது சரியான முடிவு. அப்படியொரு பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால், மாணவன் வேண்டியதை நகலெடுத்துவிட்டு டெபியனை நேராக நிறுவட்டும். தங்கைக்கும் ஒரு யூசர் கணக்கு திறக்கட்டும். கல்லூரி லேபிலோ ஒரே ஒரு பழைய கணினி போதும்: வகுப்பு முழுவதற்கும் கணக்குகள், எல்லோரும் எஸ்எஸ்எச் வழியே உள்ளே, ரூட் பாஸ்வேர்டு ஆசிரியரிடம். பக்கத்து மாணவியின் ஃபைலைத் திறக்கப்போய் பெர்மிஷன் டினைடு என்று வரும் முதல் நாளே அவன் யூனிக்ஸ் படிக்கத் தொடங்கிவிடுகிறான்.