காசியின் வயது

காசிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் 'அந்தக் கோயிலுக்கு ஐயாயிரம் வருஷம் சார்' என்பார்கள். ஊர் பழசு, சந்தேகமில்லை. புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத் பக்கத்திலேயே பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் இப்போது நாம் கும்பிடும் விசுவநாதர் கோயில், 1669ல் ஔரங்கசீப் இடித்ததற்கு நூறு வருஷம் கழித்து, 1780 வாக்கில் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குச் சுமார் 770 வருஷம் இளையது! சிகரத்துத் தங்கம் பஞ்சாபின் ரஞ்சித் சிங் கொடுத்தது.

இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அப்புறமும் காசியை ஏன் பழசு என்கிறோம் என்று யோசிக்கும் புத்தகம், டயானா எக்கின் 'பனாரஸ்: சிட்டி ஆஃப் லைட்' (1982). அம்மையார் ஹார்வர்டில் பேராசிரியையாக இருந்தவர். ஸ்காந்த புராணத்தின் காசி காண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்திருக்கிறார். கட்டடம் போகும், வரும். இடமும் அதைச் சுற்றி வரும் பாதையும்தான் பழசு என்பது அவர் புத்தகம் படித்து எனக்குப் புரிந்தது. கேதாரம், ராமேஸ்வரம், காஞ்சி எல்லாவற்றுக்கும் காசிக்குள்ளேயே ஓர் இடம் உண்டு என்று அவர் விளக்கும் பகுதி அருமை. கேதார் கட்டத்தில் வெள்ளை-சிவப்புப் பட்டையடித்த கோயிலைப் பார்த்தால் மயிலாப்பூர்க்காரருக்கு வீட்டு ஞாபகம் வரும். குமரகுருபரர் மடமும் அந்தப் பக்கம்தான்.

ஒரு குறை. புராணத்துக் காசியில் லயித்ததில், மதன்புராவில் தறி போடும் முஸ்லிம் நெசவாளர்கள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். பனாரஸ் பட்டு இல்லாமல் பனாரஸா? அதற்கு நீதா குமார் 1988ல் எழுதிய 'தி ஆர்ட்டிசன்ஸ் ஆஃப் பனாரஸ்' படிக்க வேண்டும்.

எக்கின் புத்தகத்தை இப்போது மறுபடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பர் 13ல் விசுவநாதர் வளாகம் திறந்தார்கள். சுமார் 3,000 சதுர அடி இடம் 5 லட்சம் சதுர அடி ஆயிற்று. முன்னூறுக்கு மேற்பட்ட கட்டடங்களை வாங்கி இடித்ததில் வீடுகளுக்குள்ளிருந்து நாற்பதுக்கும் மேல் சின்னக் கோயில்கள் வெளிப்பட்டன. 'கண்டுபிடித்தோம்' என்றார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாதா என்ன!

வழுக்கும் சந்து, எதிரே மாடு, பின்னால் கூட்டம்... இதை வயசானவர்கள் சகித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லமாட்டேன். இப்போது கோயிலிலிருந்து நேரே கங்கைக்கு இறங்கலாம், நிஜமாகவே சௌகரியம். ஆனால் எக் நடந்த பாதையில் அந்தத் துண்டு இனி புத்தகத்தில் மட்டும்தான். அவரது பின்னிணைப்பில் லிங்கங்களின் பட்டியல் இருக்கிறது. அடுத்த முறை போகிறவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துப்போய், இருப்பதற்கெல்லாம் டிக் அடித்துக்கொண்டு வாருங்களேன்.