வலவனும் பாங்கனும்: வழியிடைத் தலைவனின் கேட்போர் குறித்து ஒரு குறிப்பு

ஜாசினில் தமிழிலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு மாலை வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாரின் அகப்பாடலை (அகநானூறு, 384) விளக்க நேர்ந்தது. வேந்தனுக்குரிய வினையை முடித்த தலைவன் தேரேறுகிறான், ஊர் வந்துசேர்கிறான். இடைப்பட்ட வழி அவன் நினைவில் இல்லை. பாடத்தின் இறுதியில் ஒரு மாணவர், "ஐயா, அந்தப் பாகன் டிரைவரா, கூட்டாளியா?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. ஆயினும் நாம் கையேடுகளில் எழுதிவரும் விளக்கங்கள் எவையும் அவ்வினாவுக்கு விடை தருவன அல்ல என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

செய்யுளுக்குரிய உறுப்புகளுள் 'கேட்போர்' என்பதனையும் ஒன்றாகத் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணுகிறார். நம் வகுப்பறைகளிலோ கூற்று யாருடையது என்பதற்குத் தரப்படும் இடம் அதனைக் கேட்பவருக்குத் தரப்படுவதில்லை. 'தலைவன் பாகற்குச் சொல்லியது' எனத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பாகனுக்கு ஏன் சொன்னான், பாங்கனுக்கு ஏன் சொல்லவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

பாங்கன் அகமரபில் அயலான் அல்லன். களவில் தலைவனது தளர்ச்சியைக் கண்டு கழறுபவன் அவன். தலைவனும் அவனுக்கு மறுமொழி கூறுகிறான். கோப்பெருஞ்சோழன் பெயரில் அமைந்த குறுந்தொகை 129ஆம் பாடல் இதற்கு நல்ல சான்று. நண்பனை ஒருமுறைக்கு மும்முறை விளித்து, கடல் நடுவே தோன்றும் எட்டாம் நாள் பிறை போன்ற அவளது சிறிய நெற்றி, புதிதாகப் பிடிபட்ட யானையைப் போலத் தன்னைப் பிணித்துவிட்டது என்கிறான் தலைவன். நண்பனிடம் நாணமின்றி நெஞ்சைத் திறந்து காட்டும் பாடல் இது. கற்பியலிலும் வாயில்கள் பன்னிருவருள் பாங்கனுக்கு இடமுண்டு. ஆனால் பொருளுக்காகவோ வினைக்காகவோ தலைவன் பிரிந்து வழியில் இறங்கியதும் இந்த நண்பன் பெரும்பாலும் மறைந்துவிடுகிறான். அதே கோப்பெருஞ்சோழன் பெயரிலுள்ள 147ஆம் குறுந்தொகைப் பாடலில், பிரிவில் இருக்கும் தலைவன் பேசுவது தன் கனவோடு. அவளைக் கொணர்ந்து தந்ததுபோலக் காட்டி இன்துயிலிலிருந்து எழுப்பிவிட்ட கனவை அவன் நோகவில்லை. துணையைப் பிரிந்தோர் உன்னை இகழமாட்டார் என்று அதற்கு நன்றியும் சொல்கிறான். புறநானூற்றில் பிசிராந்தையாரின் நட்புக்கு உரியவனாக நாம் அறிந்த சோழன் இவன். வடக்கிருந்தபோது, நேரில் கண்டிராத அந்நண்பர் வருவார் என உறுதியாக நம்பியவன். நட்பின் அருமையை அறியாதவன் என்று இவனைச் சொல்ல இயலாது.

பாலையில் தலைவன் நெஞ்சோடு பேசுகிறான். முல்லையில் பாகனோடு பேசுகிறான். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய 'தேர் வியங்கொண்ட பத்து' (481-490) பாகனை நோக்கிய ஏவல்களால் ஆனது. தேரை விரைந்து செலுத்து என்பதே திரும்பத் திரும்ப வரும் செய்தி. அவளைப் பற்றிய நினைவெல்லாம் அவ்வேவலுக்குக் காரணமாகவே சொல்லப்படுகிறது. பாகன் வாய்திறப்பதில்லை. கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் நூற்பாவும் பாகரைக் குறிப்பிடத் தவறவில்லை. ஆகவே இது புலவர் சிலரின் விருப்பம் அன்று, மரபு என்றே கொள்ளவேண்டும்.

தலைவனின் பெருமிதம் நண்பனிடம் புலம்ப இடந்தராது என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உளர். இதனை ஏற்பதற்கில்லை. யானைபோல் பிணிப்புண்டேன் என்று நண்பனிடம் சொன்னபோது அப்பெருமிதம் எங்கே போயிற்று? பாங்கன் கழறுபவன் என்பதே காரணம் எனக் கருதத் தோன்றுகிறது. ஒப்பானவன் கேட்டால் மறுமொழி சொல்வான், அறிவுரை கூறுவான், ஆற்றுவிக்க முற்படுவான். களவின் தொடக்கத்தில் அது பயன்படும், ஏனெனில் அங்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பாதி வழியில் இருப்பவனுக்குச் செய்யவேண்டியது எதுவும் இல்லை, தொலைவு குறைவதைத் தவிர. அவனுக்கு ஆறுதல் மொழி சுமையாகிவிடும். நெஞ்சும் கனவும் பாகனும் அவனிடம் வாதிடமாட்டா. காளிதாசனின் யட்சனும் இராமகிரியில் மேகத்தையே தேர்ந்தான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாடல்களின் அடியில் காணப்படும் துறைக் குறிப்புகள் பிற்காலத்தார் வகுத்தவை. அவற்றை மட்டும் நம்பிக் கேட்போரைத் துணிவது பொருந்தாது. பாடலுக்குள்ளேயே நிற்கும் விளிகள்தாம் உறுதியான சான்று. மேலே காட்டிய பாடல்களில் நண்பன், கனவு, பாகன் என்னும் விளிகள் பாட்டுக்குள்ளேயே உள்ளன.

இப்பின்னணியில் மாசாத்தியாரின் பாடலை மீண்டும் வாசிக்கலாம். தேரின் விரைவைப் புகழ்வது என்று இதனைச் சுருக்கிவிடுவது வழக்கம். மீண்டுவரும் தலைவன் இடைவழியில் தங்குவதில்லை, உள்ளம்போல் உதவும் குதிரை அவனுக்கு உண்டு என்னும் கற்பியல் விதிக்கு எடுத்துக்காட்டாகவும் காட்டுவர். தவறில்லை, ஆனால் பாடல் அங்கே முடியவில்லை. முயற்குட்டிகள் துள்ளும் முல்லைக்காட்டில், வரகு விளையும் சிற்றூரில், அவள் இருக்கும் வீட்டின் முன் தேரை நிறுத்திப் பாகன் சொல்வது ஒரே சொல்: இறங்குங்கள் என்பது. தலைவன் திகைக்கிறான். காற்றைப் பூட்டினாயா, குதிரை வடிவில் உன் மனத்தைப் பூட்டினாயா என்று கேட்கிறான். தொல்காப்பியர் உள்ளம் என்று பொதுவாகச் சொன்னதை மாசாத்தியார் பாகனுடைய மனம் ஆக்கிவிட்டார் என்பதே நாம் கவனிக்கத் தவறிய நுட்பம். விரைந்தது தலைவனின் ஏக்கம் அன்று. அதனைச் சொல்லாமலே அறிந்துகொண்ட மற்றொருவனின் மனம். இந்த இடத்தில் பாகன் ஏவலாளன் என்ற நிலையிலிருந்து நீங்குகிறான். தலைவன் அவனைத் தழுவிக்கொண்டு வீட்டிற்குள் அழைத்துச் செல்கிறான். தலைவி விருந்தினரைப் பெற்ற பொலிவை அடைகிறாள். நெடுநாள் பிரிந்து வந்தவன் முதலில் தழுவியது பாகனை என்பதை நாம் மாணவர்க்குச் சுட்டுவதே இல்லை.

அவ்வினாவை எழுப்பிய மாணவரிடம் மறுவாரம் இதனை விளக்கினேன். அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். வார இறுதியில் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியே ஊர் திரும்புவார். திருமணம் நிச்சயமானவர். வழியில் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசமாட்டாங்க ஐயா. தலைக்கவசம், காத்து வேற. ஜாசின் டோல் வந்ததும், 'முதல்ல அவங்க வீட்டுக்குத்தானே?'ன்னு கூட்டாளி கேட்பாராம்" என்றார். பின்னர் ஏட்டைத் திறந்து, பாகன் என்று எழுதியிருந்ததன் அருகே எதையோ எழுதிக்கொண்டார்.