பந்தை யாரிடம் கொடுப்பது

சுழற்பந்துவீச்சை ரசிக்கத் தெரிந்தவர் விழுந்த விக்கெட்டோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு முன் வீசப்பட்ட ஐந்தாறு பந்துகளையும், அவற்றை வீசுவதற்கு அந்த வீச்சாளரை அந்த நேரத்தில் அந்த முனைக்கு அழைத்த கேப்டனின் முடிவையும் சேர்த்தே எடைபோடுகிறார். ஓவர் என்பது ஒரு முனையிலிருந்து ஒருவரே வீசும் ஆறு பந்துகளின் தொகுதி. அதன் முதல் சில பந்துகள் ஆட்டக்காரரின் முன்காலை ஒரே இடத்தில் ஊன்றப் பழக்கிவிடும். பின்னால் வரும் ஒரு பந்து அந்தக் காலுக்குச் சற்று முன்பாக விழுந்து மட்டையின் விளிம்பைத் தேடும். விக்கெட் அந்தப் பந்தில் விழுந்தாலும் அதைக் கட்டியவை முந்திய பந்துகளே. இந்தத் தொடர்ச்சிக்கு இடம் கொடுக்கும் முடிவுகளே நல்ல முடிவுகள் என்பதும், தொடங்குமுன்பே அதை அறுத்துவிடும் முடிவுகள் எவ்வளவு நியாயமான காரணங்களோடு வந்தாலும் கலைக்கும் அணிக்கும் இழப்பே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட இளையரசனேந்தல் வட்டாரத்தில் இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்தக் கரிசல் பூமி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்போன ஊர் என்றாலும், சுற்றுக் கிராமங்களின் தரிசுகளிலும் நீர் வற்றிய கண்மாய்களிலும் இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான். வெடிப்பின் ஓரத்தில் விழும் பந்து எப்படிப் போகும், மழை பெய்து நான்கு நாள் ஆன தரையில் பந்து எப்படித் தங்கி வரும் என்பதெல்லாம் அவர்களுக்குக் காலால் மிதித்துத் தெரிந்த பாடங்கள்.

அந்தப் பாடத்தின் அடிப்படை மண்ணின் களிமத்தில் இருக்கிறது. கரிசலில் மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிமக் கனிமம் மிகுதி. அது நீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கிப் பிளக்கும். இத்தகைய மண்ணால் அமைத்த ஆடுகளம் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்வதால் பந்து மெதுவாகவும் தாழ்வாகவும் எழும். செம்மண் ஆடுகளம் விரைவில் காய்ந்து, பந்தை உயர எழுப்பும். சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இரு வகை ஆடுகளங்களும் உள்ளன. ஆகவே எந்த மண்ணில் ஆடுவது என்பதே டாஸ் போடுவதற்கு முன் எடுக்கப்படும் ஒரு முடிவாகிறது. 2024 செப்டம்பரில் அங்கே இந்தியா வங்கதேசத்துக்கு எதிராக ஆடிய டெஸ்ட் செம்மண் ஆடுகளத்தில் நடந்தது. அதில் சென்னையின் சுழல் வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வின் 113 ரன் அடித்ததோடு, இரண்டாம் இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட்டும் எடுத்தார்.

ஆனால் தரை பாதிக் கதைதான். ஆஃப் ஸ்பின், அதாவது வலதுகை வீச்சாளர் விரல்களால் திருகி, வலதுகை ஆட்டக்காரருக்கு வெளியிலிருந்து உள்ளே திருப்பும் பந்து, காற்றிலேயே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வேகமாகச் சுழலும் பந்தின் ஒரு பக்கத்தில் காற்று விரைந்தும் மறுபக்கத்தில் தயங்கியும் ஓடுவதால், பந்து தரையைத் தொடுமுன்பே திரும்பப்போகும் திசைக்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்கிறது. இந்த நகர்வுக்கு டிரிஃப்ட் என்று பெயர். இடதுகை ஆட்டக்காரருக்கு இது இரட்டைச் சோதனை. காற்றில் அவரை நோக்கி உள்ளே வரும் பந்து, தரையில் விழுந்ததும் அவரை விட்டு வெளியே போகும்.

2018 ஆகஸ்டில் பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இங்கிலாந்தின் அலஸ்டர் குக்குக்கு அஸ்வின் வீசிய பந்தை இதற்கு உச்ச உதாரணமாகச் சொல்லலாம். முதல் நாள் காலை, பந்தின் பளபளப்பு மாறவில்லை, இங்கிலாந்து மண். அந்த நேரத்தில் வேகப்பந்து வீச்சாளர்களையே தொடரச் செய்வது வழக்கம். கேப்டன் விராட் கோலி முதல் பத்து ஓவர்களுக்குள்ளேயே ஆஃப் ஸ்பின்னரை அழைத்தார். குக்கை நோக்கிக் கோணத்தில் உள்ளே வந்த பந்து டிரிஃப்டால் இன்னும் சற்று உள்ளே சாய, அதைத் தடுக்க அவர் மட்டையை நேராக இறக்கினார். தரையில் பட்ட பந்து மட்டையின் வெளிவிளிம்பைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. அவருடைய காலோ மட்டையோ தவறவில்லை என்பதே அந்தப் பந்தின் பெருமை. இரண்டாம் இன்னிங்ஸிலும் அதே வீச்சாளர் அவரை அதே விதத்தில் பௌல்டு ஆக்கினார். அந்த டெஸ்டை இந்தியா 31 ரன்னில் தோற்றது. தோல்வி அந்த முடிவின் அழகைக் குறைக்கவில்லை.

அஸ்வினின் மற்றொரு கருவியான கேரம் பந்து, நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பந்தைப் பிடித்துச் சுண்டிவிடுவது, தமிழ்நாட்டு டென்னிஸ் பந்து ஆட்டத்தில் சொடக்குப் பந்து என்ற பெயரில் முன்பே புழங்கியது. அவர் அதைத் தெருவில்தான் முதலில் கண்டார். சர்வதேச அரங்கில் 2008 ஆசியக் கோப்பை இறுதியில் 13 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சாய்த்த இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் அதை உலகறியச் செய்தார். எனினும் இத்தகைய வித்தைப் பந்துகளைக் காட்டிலும், ஒரே மாதிரித் தோன்றி வேகத்திலும் உயரத்திலும் மட்டும் சற்றே மாறும் சாதாரண ஆஃப் ஸ்பின்னே ரசிகரின் நீடித்த கவனத்துக்கு உரியது.

வீச்சாளரின் திட்டமும் கேப்டனின் முடிவும் ஒன்றாகப் பொருந்திய ஆட்டமாக 2020 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய டெஸ்டைக் குறிப்பிட வேண்டும். அதற்கு முந்திய அடிலெய்டு டெஸ்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. கோலி நாடு திரும்பிவிட்டார். அப்படியொரு சரிவுக்குப் பின் கூடுதலாக ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்துப் பாதுகாப்புத் தேடுவதே இயல்பு. இந்திய அணியோ கோலியின் இடத்தில் சுழல் வீச்சாளர் ரவீந்திர ஜடேஜாவைச் சேர்த்து ஐந்து வீச்சாளர்களோடு இறங்கியது. பொறுப்புக் கேப்டன் அஜிங்கிய ரஹானே, ஆடுகளத்தில் காலை ஈரம் இருப்பதைக் கண்டு, அறிமுக வேகப்பந்து வீச்சாளர் முகமது சிராஜைக் காத்திருக்க வைத்துவிட்டு, முதல் மணி நேரத்துக்குள் அஸ்வினிடம் பந்தைக் கொடுத்தார். ஈரமான தரையைப் பந்தின் தையல் நன்றாகக் கவ்வும். காய்ந்தபின் அந்தப் பிடி சில மணி நேரத்துக்கு இல்லாமல் போகும். ஆகவே அந்த ஒரு மணி நேரம் சுழல் வீச்சாளருக்கே உரியது என்று கணித்த அந்தப் பார்வை அபூர்வமானது.

அடுத்து நிகழ்ந்தது ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்காக விரித்த வலை. அடிலெய்டில் 29 பந்துகளுக்கு ஒரே ரன் எடுத்த நிலையில், திரும்பாமல் நேராகச் சென்ற பந்தில் அவர் ஸ்லிப்பில் நின்ற ரஹானேயிடம் பிடி கொடுத்திருந்தார். இப்போது அஸ்வின் அவருடைய உடலை நோக்கியே வீசினார். ஆட்டக்காரரின் முதுகுப்புறம் விக்கெட் கீப்பருக்கு அருகே நிற்கும் லெக் ஸ்லிப் என்னும் இடத்தில் சேதேஷ்வர் புஜாரா நிறுத்தப்பட்டிருந்தார். அடிலெய்டில் வெளிப்பக்கம் வந்த பந்தில் விக்கெட்டை இழந்த நினைவு மாறாத ஸ்மித், உள்ளே திரும்பிய பந்தைக் காலோரம் தள்ளிவிட முயன்று புஜாராவின் கையில் கொடுத்து, ரன் எடுக்காமல் வெளியேறினார். ஆஸ்திரேலியா 38 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. மெல்போர்னில் விழுந்த அந்த விக்கெட்டின் முதல் பந்து அடிலெய்டில் வீசப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸ் 195 ரன்னில் முடிந்தது. அஸ்வின் 35 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். டெஸ்டை இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இவ்வளவும் தெரிந்த ஓர் அணி, 2023 ஜூன் 7 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் அஸ்வினை வெளியே உட்கார வைத்தது. அப்போது அவர் டெஸ்ட் வீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். வானம் மூடியிருந்தது, ஆடுகளத்தில் புல் இருந்தது; டாஸ் வென்ற ரோகித் சர்மா நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடும் ஜடேஜாவோடும் முதலில் பந்துவீசத் தீர்மானித்தார். காரணங்கள் பொருளற்றவை அல்ல. நான்காவது வேக வீச்சாளரான ஷர்துல் தாக்கூர் முதல் இன்னிங்ஸில் வார்னரையும் ஸ்மித்தையும் வீழ்த்தினார், மட்டையாலும் 51 ரன் சேர்த்தார். ஆயினும் முடிவு தவறே. அதற்கான காரணம் எதிரணியின் பட்டியலிலேயே இருந்தது. டேவிட் வார்னர், உஸ்மான் கவாஜா, டிராவிஸ் ஹெட், அலெக்ஸ் கேரி, மிட்செல் ஸ்டார்க் என ஐந்து பேர் இடதுகை ஆட்டக்காரர்கள். டெஸ்ட் வரலாற்றில் முதன்முதலாக 200 இடதுகை ஆட்டக்காரர்களை வீழ்த்தியவர் அஸ்வின். வார்னரை மட்டும் அவர் 11 முறை வீழ்த்தியிருந்தார். 76 ரன்னுக்கு 3 விக்கெட் விழுந்த நிலையில் ஸ்மித்தோடு சேர்ந்த ஹெட், வெயில் வந்தபின் வேகப்பந்துகளை விளாசி 163 ரன் குவித்தார். இருவரும் சேர்த்தது 285 ரன். மேகம் ஒரு காலைப் பொழுதுக்குரியது, டெஸ்ட் ஐந்து நாள்களுக்குரியது. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் ஆஃப் ஸ்பின்னர் நேதன் லயன் 41 ரன்னுக்கு 4 விக்கெட் எடுக்க, இந்தியா 209 ரன்னில் தோற்றது.

இதே வகைத் தவறு அமெரிக்காவின் பேஸ்பாலிலும் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அந்த விளையாட்டில் பிட்சர் எனப்படும் வீச்சாளரின் பந்து தரையைத் தொடாமல் நேரே ஆட்டக்காரரை அடைகிறது. அவரை எப்போது மாற்றுவது என்பதைக் களத்துக்கு வெளியே இருக்கும் மேலாளர் தீர்மானிக்கிறார். 2020 அக்டோபர் 27 அன்று உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 73 பந்துகளே வீசி 9 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கியிருந்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றியிருந்தார். அவருடைய அணி 1-0 என முன்னிலையில் இருந்தது. ஒரே வீச்சாளரை மூன்றாம் முறை சந்திக்கும்போது ஆட்டக்காரர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்னும் புள்ளியியல் விதியை நம்பிய மேலாளர் கெவின் கேஷ் அவரை வெளியேற்றினார். அடுத்து மட்டை பிடிக்க வந்த மூக்கி பெட்ஸ் புதிய வீச்சாளரின் பந்தை விளாச, டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பல்லாயிரம் ஆட்டங்களின் சராசரியாக அந்த விதி சரியாக இருக்கலாம். அன்றிரவு ஸ்னெலின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அது அறியாது.

ஆயினும் இரண்டு விளையாட்டுகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பேஸ்பாலில் வெளியேற்றப்பட்ட வீச்சாளர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. கிரிக்கெட் கேப்டன் ஒருவரை ஓய்வெடுக்க வைத்து மாலையில் அழைக்கலாம், முனையை மாற்றலாம், மறுநாள் தரை பிளந்தபின் மீண்டும் பந்தைக் கொடுக்கலாம். கேப்டனுக்கு இத்தனை தாராளமான விளையாட்டில், வீச்சாளர்கள் குறித்துத் திருத்த முடியாத முடிவு பதினொருவரின் பட்டியல் ஒன்றுதான். ஆகவே அது முதல் ஒரு மணி நேரத்து வானத்தைப் பார்த்து எழுதப்படக்கூடாது. மாறாக, 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா துபாய் ஆடுகளத்தின் மந்தத்தை அறிந்து நான்கு சுழல் வீச்சாளர்களைத் துணிந்து இறக்கியபோது, நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த வருண் சக்கரவர்த்தி அந்தத் துணிவுக்குப் பலன் தந்தார்.

கரிசல் மண்ணின் இயல்பை முழுமையாகக் காட்டிய ஆட்டம் 2024 அக்டோபர் 24 அன்று புனேவில் தொடங்கியது. நியூசிலாந்துக்கு எதிரான அந்த டெஸ்டுக்கெனக் குழுவில் சேர்க்கப்பட்ட வாஷிங்டன் சுந்தரும் அஸ்வினும் மெதுவான கரிசல் ஆடுகளத்தில் முதல் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளையும் பகிர்ந்துகொண்டனர். இருவரும் சென்னையின் ஆஃப் ஸ்பின்னர்கள். முதல் மூன்று விக்கெட்டுகள் அஸ்வினுக்கு; பின்னர் 59 ரன்னுக்கு 7 பேரை வீழ்த்திய சுந்தரின் பந்துகளில் ஐந்து பேர் பௌல்டு ஆனார்கள். 197 ரன்னுக்கு 3 விக்கெட் என்றிருந்த அணி 259 ரன்னில் முடிந்தது. அதே தரையில் நியூசிலாந்தின் இடதுகைச் சுழல் வீச்சாளர் மிட்செல் சாண்ட்னர், பந்தின் வேகத்தை ஓவருக்குள்ளேயே கூட்டியும் குறைத்தும் 13 விக்கெட் எடுத்து இந்தியாவை 113 ரன்னில் தோற்கடித்தார். கரிசலில் பந்து தானாகத் திரும்பும் என்று நம்பிப் பந்தைக் கொடுப்பதும், அங்கே வேகத்தை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த மூன்று நாள் ஆட்டம் காட்டியது.