தலைக்கு எவ்வளவு?

செழியனின் 'டூ லெட்' தியேட்டர்களுக்கு வந்த நாள் 2019 பிப்ரவரி 21. மறுநாள், பிப்ரவரி 22 அன்று, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960இலிருந்து இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த சட்டம் அது. யாரும் திட்டமிட்டதில்லை, தற்செயல்தான். ஆனால் படத்தையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. வாடகை வீடு என்றதும் இரண்டின் மனதிலும் ஒரே காட்சிதான். இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் குடித்தனக்காரர். நடுவில் ஒரு வீடு, ஒரு பத்திரம், ஒரு வாடகை.

2016 முதல் 2021 வரை நான் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் மூன்று வீடுகளில் இருந்திருக்கிறேன். நான்கு வருஷம் மாணவனாக, கடைசி ஒரு வருஷம் வேலைக்குப் போகிறவனாக. அங்கே இந்தக் காட்சி பொருந்தாது. அங்கே வாடகை வீட்டுக்கு இல்லை, தலைக்கு. "தலைக்கு எவ்வளவு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கேட்க சாதாரணமான கேள்வி. ஆனால் நம்முடைய நல்ல வாடகை வீட்டுக் கதைகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுவிடுகின்றன என்று எனக்குப் படுகிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

*

'டூ லெட்' நல்ல படம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கதை நடப்பது 2007இல், ஐடி சம்பளங்களால் சென்னையில் வாடகை ஏறிய காலத்தில். சினிமாவில் இயக்குநராக முயன்றுகொண்டிருக்கும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்கிறார். ஒரு மாதக் கெடு. அதற்குள் வேறு வீடு பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. பின்னணி இசை கிடையாது. வீட்டுக்குள் கேட்கும் சத்தங்களே போதும் என்று செழியன் நம்பியிருக்கிறார், அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

படத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்தவை, அவர்கள் இன்னும் குடியிருக்கும்போதே அடுத்துக் குடிவர நினைக்கிறவர்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும் காட்சிகள். அமுதாவின் சமையலறையை, துணி காயும் கொடியை யார் யாரோ பார்க்கிறார்கள். வாடகை கொடுத்தாலும் கதவு நம்முடையதில்லை என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறது கேமரா. சாதி, மதம், சாப்பாடு, தொழில் என்று வீடு தேடும் வாசல்களில் கேட்கப்படும் கேள்விகளையும் படம் மறைக்கவில்லை. தமிழ் சினிமாவில் இதற்கு முன்னால் இவ்வளவு நேராக யாரும் அந்த வாசல்களில் நின்றதில்லை.

என் கேள்வி படத்தின் நேர்மையைப் பற்றியதில்லை. அது நம் பரிவை எதைக் காட்டிச் சம்பாதிக்கிறது என்பதைப் பற்றியது. பாருங்கள், கண்ணியமான கணவன், பொறுமையான மனைவி, துறுதுறுப்பான குழந்தை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கே வீடு இல்லையா என்று நாம் பதறுகிறோம். அந்த 'கே'யில்தான் விஷயம் இருக்கிறது. 'நல்ல குடும்பம்' என்ற வீட்டுக்காரர்களின் பரீட்சையைப் படம் மறுக்கவில்லை. இவர்கள் பாஸ் ஆகியும் ஏன் ஃபெயிலாக்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறது. அந்தப் பரீட்சையை எழுதவே உரிமை இல்லாதவர்கள் படத்தின் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ஐடி பையன்களும் அப்படித்தான். அவர்கள் படத்தில் மனிதர்களாக இல்லை, ஏறிப்போன வாடகையாக மட்டும் இருக்கிறார்கள். அதே 2007இல் வந்த ராமின் 'கற்றது தமிழ்' படமும் ஐடி சம்பளத்தை வெளியே நின்று கோபத்தோடுதான் பார்த்தது.

இதற்கு ஒரு மரபு இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வந்தது. குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். வாடகைக்கு வேறு வீடு கட்டுப்படியாகவில்லை. சுதா தன் தாத்தாவின் வளசரவாக்கம் மனையில் வீடு கட்டத் தொடங்குகிறாள். காண்ட்ராக்டரின் திருட்டு, கடன், லஞ்சம் எல்லாம் தாண்டி வீடு எழும்பும்போது, அது குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரிகிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, முடியாத வீட்டைத் தடவிப் பார்க்கும் காட்சியை மறந்தவர்கள் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாடகை என்பது நோய், சொந்த வீடுதான் மருந்து. 'வீடு' மருந்து கிடைக்காத கதை. 'டூ லெட்' நோய் முற்றிய கதை. இரண்டிலும் வாடகைக் குடித்தனத்துக்கென்று தனியாக ஒரு வாழ்க்கை கிடையாது. அது காத்திருப்பு மட்டும்தான்.

*

இப்போது காட்டாங்குளத்தூர். பெயரில் காடும் குளமும் இருக்கிறது. பக்கத்து ஸ்டேஷன் பொத்தேரியின் பெயரில் ஏரி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் கூடுவாஞ்சேரிக்கு அடுத்து பொத்தேரி, அதற்கு அடுத்து காட்டாங்குளத்தூர், பிறகு மறைமலை நகர். எஸ்.ஆர்.எம். இங்கே 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், பிஜிக்கள், ஆந்திரா மெஸ், ஜெராக்ஸ் கடை, கேன் தண்ணீர் ஏற்றிய குட்டியானை. சாயங்காலம் டீக்கடையில் நின்றால் தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தமிழ் காதில் விழும்.

இந்த ஊரின் கணக்கு எளிமையானது. மூன்று பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றைக் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 15,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். அதையே ரூமுக்கு இரண்டு பேர், தலைக்கு 5,000 என்று விட்டால் 30,000. ஹாலில் இரண்டு கட்டில் போட்டால் 40,000. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு 'பேச்சுலர்களுக்கு வீடு இல்லை' என்று யார் போர்டு வைப்பார்கள்? மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்படுகிற பேச்சுலர், இங்கே புரோக்கர் தேடிப் பிடிக்கிற ஆள்.

அதற்காக அவனுக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்குத்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. அந்தப் பத்திரத்திலும் ஒருத்தன் பெயர்தான் இருக்கும். மீதி ஐந்து பேர் எந்தக் காகிதத்திலும் இல்லாமலே மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டுப் போவார்கள். பல இடங்களில் நாம் ஓனர் முகத்தையே பார்க்க மாட்டோம். பில்டிங்கை மொத்தமாக எடுத்துக் கட்டில் கணக்கில் விடுகிற இன்னொருவர்தான் நமக்கு ஓனர்.

2017ஆம் வருஷச் சட்டம் நிறைய நல்ல விஷயங்களைச் சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தி வெளியேற்றக் கூடாது. சரி, ஆனால் இதையெல்லாம் கேட்பதற்கு முதலில் 'வாடகைதாரர்' என்று பெயர் வேண்டும். தலைக்குப் பெயர் கிடையாது, எண்ணிக்கைதான். கடைசி வீட்டைக் காலி செய்தபோது என் அட்வான்ஸில் பெயின்ட்டுக்கு ஒரு தொகை, 'டீப் கிளீனிங்' என்று ஒரு தொகை பிடித்துக்கொண்டார்கள். என்னுடைய இடத்துக்கு மறுநாளே ஆள் வந்துவிட்டான். அதே சுவர், அதே பெயின்ட்.

*

இந்தக் கணக்கில் உண்மையில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்று பார்த்தால்தான் கதை வேறு மாதிரி திரும்புகிறது.

இரண்டாவது வீட்டில் நாங்கள் மாடியில் இருந்தோம். கீழே ஒரு குடும்பம் இருந்தது. அக்கா ஒரு மெஸ்ஸில் சமையல். அவர் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். இரண்டு பிள்ளைகள், பக்கத்திலேயே ஸ்கூல். ஒரு நவம்பரில் அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கீழ்ப் போர்ஷனையும் பசங்களுக்கே விடப் போகிறார்களாம். "ஓனர் சார் கெட்டவர்லாம் இல்ல தம்பி. கணக்கு அப்படி இருக்கு" என்றார் அக்கா. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி உள்ளே எங்கோ வீடு கிடைத்தது. பிள்ளைகளுக்கு வருஷத்தின் நடுவில் ஸ்கூல் மாற்றம். அக்காவுக்கு விடிகாலை மெஸ்ஸுக்கு வர இரண்டு வண்டி.

இதைத்தான் நான் 'டூ லெட்'டின் மறுபக்கம் என்கிறேன். வெளியேற்றப்படுவது அதே இளங்கோ, அமுதா, சித்தார்த்தான். வெளியேற்றுகிற வாடகையைக் கொடுப்பதோ கொழுத்த சம்பளக்காரன் இல்லை. அப்பா வாங்கிய கல்விக் கடனில் படித்துக்கொண்டு, ஆறில் ஒரு பங்கு வாடகை கொடுத்து, ஹாலில் படுக்கிற பையன். ஒரு ஏழ்மையை இன்னொரு நெருக்கடி துரத்துகிறது. இரண்டு பேருமே இடத்தை இழக்கிறார்கள், ஒருவர் வீட்டை, இன்னொருவர் ரூமில் பாதியை. வில்லனைத் தேடி ஹவுஸ் ஓனர் முகத்தில் கேமராவை வைக்கிற அழகியலால் இதைக் காட்ட முடியாது.

அந்த ஓனருக்கும் ஒரு முன்கதை உண்டு. அதை எழுதியவர் பெருமாள்முருகன். 1991இல் வந்த அவருடைய முதல் நாவல் 'ஏறுவெயில்'. காலனி கட்டுவதற்காக நிலம் பறிபோன ஒரு விவசாயக் குடும்பம் எப்படிக் குலைந்துபோகிறது என்பதுதான் அதன் மையம். கொங்குப் பகுதிக் கதை. ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அதை வாசித்தபோது எனக்கு வேறு ஊர் என்று தோன்றவில்லை. கழனி மனையாகி, மனை அடுக்குமாடியாகும்போது, நிலத்தில் வேலை செய்த கைக்கு வேறு தொழில் தெரியாது. வாடகைதான் அதன் விளைச்சல். செமஸ்டர்தான் பருவம். ஜூலையில் நடவு, மே மாதம் அறுவடை. இந்த மனிதரை 'டூ லெட்' வீட்டுக்காரம்மாவோடு ஒரே தராசில் வைக்க முடியுமா? வைக்கலாம்தான், ஆனால் இரண்டு பேரின் கடன் நோட்டையும் படித்துவிட்டு வைக்க வேண்டும்.

அந்த விளைச்சல் பொய்த்த வருஷம் 2020. மார்ச்சில் கல்லூரிகள் மூடின. புத்தகமும் பக்கெட்டும் ரூமிலேயே கிடக்க எல்லோரும் ஊருக்குப் போனோம். அந்த மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு ஒன்று உண்டு. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ வெளியேற்றினால் நடவடிக்கை என்றது. கவனியுங்கள், வெளியேற்றத்தில் மாணவன் இருக்கிறான், வாடகைச் சலுகையில் இல்லை. அவன் பாதி வாடகைதாரன். ஆளில்லாத ரூமுக்கு வாடகை கேட்டு ஓனர்களும், கொடுக்க முடியாமல் பசங்களும் மாதக்கணக்கில் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 31 அன்று நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் போதைப்பொருள் தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் இறங்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் சோதனை. சிலர் கைதானார்கள். குற்றம் இருந்தால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் குடும்பங்கள் வாழும் ஒரு அபார்ட்மென்டில், விடியற்காலையில், கதவு கதவாக இப்படி ஒரு சோதனையை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? குடும்பத்துக்கு வீடு உண்டு, அதனால் வாசலும் உண்டு. தலைக்கு இருப்பது கட்டில். கட்டிலுக்கு ஏது வாசல்? பணம் வரும்போது அவன் வாடிக்கையாளர், மற்ற நேரத்தில் சந்தேகத்துக்குரியவன். ஊர்க்காரன் ஆகிற சந்தர்ப்பம் மட்டும் அவனுக்கு வருவதே இல்லை. 'நல்ல குடும்பம்' என்ற பரீட்சையைக் கலை கேள்வி கேட்காமல் விட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

*

அப்படியென்றால் வேறு வழி இருந்ததா? இருந்தது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவும் சாயாவும் இருப்பது வாடகை இடத்தில்தான். குடும்பம் என்று ஊர் ஒப்புக்கொள்கிற வடிவமும் அவர்களுக்கு இல்லை. சொந்த வீட்டுக் கனவு அந்த நாவலில் பெரிதாக இல்லை. ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவும் குடித்தனக்காரர்களும் ஒரே வறட்சிக்குள், ஒரே தெருவில் குடத்தோடு நிற்கிறார்கள். அசோகமித்திரன் யாரையும் மன்னிக்கவில்லை, யாரையும் வில்லனாக்கவும் இல்லை. வாடகை வாழ்க்கையை எதற்கோ காத்திருக்கிற காலமாகப் பார்க்காமல், இன்றைக்கு நடந்துகொண்டிருக்கிற வாழ்க்கையாகப் பார்த்தார். 1973இல் புத்தகமான அந்த நாவல், அந்த ஒரு விஷயத்தில் 'டூ லெட்'டைவிட இன்றைய காட்டாங்குளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பேச்சுலர் ரூமைக் கதையாக்கியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அது நமக்கு எப்போதும் காமெடி, இல்லையென்றால் காதலுக்கான இடம். ரூமைத் தாண்டிக் கீழ்வீடு வரைக்கும் கேமரா இறங்குவதில்லை. மாடியில் ஹாலில் படுத்திருக்கிற பையன், கீழே சாமான் கட்டுகிற அக்கா, பக்கத்துத் தெருவில் லோன் கட்டப் பணம் எண்ணுகிற ஓனர். இந்த மூன்று பேரும் ஒரே கதையில் வர வேண்டும், யாருடைய கணக்கும் மறைக்கப்படாமல். அதுவரை நம் வாடகை வீட்டுக் கதைகளில் பாதி வீடு பூட்டியேதான் இருக்கும்.

அக்கா சொன்ன வாக்கியத்தில் ஓனர் கெட்டவர் இல்லை என்ற முதல் பாதியை நாம் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். 'கணக்கு அப்படி இருக்கு' என்ற இரண்டாம் பாதிதான் எழுத வேண்டிய இடம். கணக்கு தானாக அப்படி இருப்பதில்லை, யாரோ போட்டதுதான்.