ஒரே ஒரு கோடு

"நம்ம பசங்களுக்குத் தாங்கள் யார் என்பதே தெரியலை." சங்கக் கூட்டங்களில் இந்தப் புலம்பல் கேட்காத நாளில்லை. நானும் புலம்பியவன்தான். தெரியுமா தெரியாதா என்று அளந்து பார்க்க முடியுமா? முடியும் என்கிறார்கள் உளவியலாளர்கள். அவர்களது அளவுகோல்களைப் படித்தேன். மதிப்பும் வந்தது, மனத்தாங்கலும் வந்தது.

தொடங்கி வைத்தவர் எரிக் எரிக்சன். 1918-ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலைப் போராட்டத்தை மையமாக வைத்துக் காந்தியடிகளைப் பற்றி 1969-இல் நூல் எழுதினாரே, அவரேதான். 'நான் யார்' என்பதை வளரிளம் பருவத்தின் தலையாய சிக்கலாகக் கண்டவர். அதை அளக்க ஜேம்ஸ் மார்சியா 1966-இல் வழி வகுத்தார். தேடினாயா, தீர்மானித்தாயா என்ற இரண்டை வைத்து நான்கு நிலைகள்: இரண்டும் இல்லாதது, தேடாமலே பெரியவர் சொன்னதை ஏற்றது, தேடிக்கொண்டிருப்பது, தேடித் தெளிந்தது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மேடையில் குறளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கைதட்டுகிறோம். மார்சியா கணக்கில் அந்தப் பிள்ளை இன்னும் புறப்படாமலே இருக்கலாம்! வீட்டில் எதிர்க்கேள்வி கேட்கும் பிள்ளை பாதி வழி வந்திருக்கலாம்.

இனக்குழு அடையாளத்துக்கென்றே ஜீன் ஃபின்னி 1992-இல் 14 கூற்றுகள் கொண்ட வினாநிரல் செய்தார். 2007-இல் அது 6 ஆகச் சுருங்கியது. எல்லாக் குழுவினருக்கும் பொருந்த வேண்டும் என்பது நோக்கம். அதனாலேயே முதல் வடிவம் உணவு, இசை, வழக்கம் என்று பொதுவாகக் கேட்கிறதே தவிர, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பதில்லை. தமிழருக்கு இது சின்னக் குறையா?

பெரிய குறை தொடக்கத்திலேயே இருக்கிறது. தன்னை எந்தக் குழுவாகக் கருதுகிறோம் என்று எழுத ஒரே ஒரு கோடு. தில்லியில் பிறந்த என் மகளிடம் (17 வயது) தமிழாக்கிக் கொடுத்தேன். பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எதைப்பா எழுத? ஸ்கூல்ல நான் மதராஸி. கும்பகோணத்துல அத்தை வீட்டுக்குப் போனா டெல்லிக்காரி."

கடைசியில் இரண்டு தடவை நிரப்பினாள், தமிழ்ப் பெண்ணாக ஒருமுறை, தில்லிப் பெண்ணாக ஒருமுறை. இரண்டிலும் நல்ல மதிப்பெண்! ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஃபின்னி பிற குழுவினரோடு பழகுவதைப் பற்றித் தனியாக 6 கூற்றுகள் வைத்திருந்தார்தான். ஆனால் அங்கே பிறர் பிறரே. என் மகளுக்குத் தில்லி பிறர் அல்லவே.

தன் குழுவைப் பற்றி மற்றவரிடம் பேசித் தெரிந்துகொள்வதைக் கேட்கும் கூற்றில் மட்டும், தமிழ்த் தாளில், மிகக் குறைவாகப் போட்டிருந்தாள். ஏன் என்றேன்.

"யார்கிட்டப்பா பேச? தமிழ்னு வாயெடுத்தாலே நீங்க தப்பைத்தானே திருத்தறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள், தாத்தா எதற்காக ஊரை விட்டுத் தில்லிக்கு வந்தார் என்று. எனக்குப் பாதிதான் தெரிந்தது. மீதியைக் கேட்கக் கும்பகோணத்து அக்காவுக்குப் போன் போட்டோம்.